எந்த உயரத்தில் எடுத்த அளவு?

வண்டலூர், பெருங்களத்தூர் வட்டாரத்தில் இயங்கிய ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா நிறுவனம் 1961 முதல் 'ஸ்டாண்டர்டு ஹெரால்டு' காரைத் தயாரித்தது. இங்கிலாந்தின் கோவென்ட்ரி நகரில் 1959-இல் வெளிவந்த டிரையம்ஃப் ஹெரால்டின் இந்திய வடிவம் அது. அந்தக் காருக்கு உருவம் கொடுத்தவர் இத்தாலியரான ஜொவான்னி மிக்கெலோத்தி. பொறியியல் பொறுப்பை ஏற்றிருந்தவர் ஹாரி வெப்ஸ்டர். அதே அடிச்சட்டத்தைக் குட்டையாக்கி, முன் பின் சக்கரங்களுக்கு இடையிலான தூரத்தை 2,324 மில்லிமீட்டரிலிருந்து 2,108 ஆகக் குறைத்து, 1962-இல் அவர்கள் ஓர் இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் காரை வெளியிட்டார்கள். அதுதான் டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர். ஆகவே செங்கல்பட்டு மாவட்டத்து ஒர்க்‌ஷாப் ஒன்றில் ஹெரால்டின் அடிப்பாகத்தைப் பிரித்து மாட்டப் பழகிய மெக்கானிக், ஓர் ஆங்கிலேய ஸ்போர்ட்ஸ் காரின் அடிப்பாகத்தையும் சேர்த்தே கற்றுக்கொண்டவர். இந்த வண்டிகளின் சக்கரக் கோணங்களைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் முதலில் வரும் கேள்வி, "கம்பெனி அளவு என்ன?" என்பது. அது பாதிக் கேள்விதான். வண்டி எந்த உயரத்தில் நிற்கும்போது, எவ்வளவு பாரத்தோடு, எந்த டயரில் எடுத்த அளவு என்ற மீதிப் பாதியும் சேர்ந்தால்தான் அந்த எண்ணுக்குப் பொருள் உண்டு. பழைய ஸ்போர்ட்ஸ் காரைச் சீர்செய்கிறவர், சக்கரம் மேலும் கீழும் போகையில் அந்த எண் எப்படி மாறுகிறது என்பதை அளந்து ஒரு வரைகோடாகப் போட்டுப் பார்க்காமல் ஸ்பேனரை எடுக்கக் கூடாது என்பதே என் வாதம்.

முதலில் கோணங்களைப் பார்த்துவிடலாம். காரை நேர் முன்னாலிருந்து பார்க்கும்போது சக்கரத்தின் தலை வெளிப்பக்கம் சாய்ந்திருந்தால் அது பாசிட்டிவ் கேம்பர். உள்பக்கம் சாய்ந்திருந்தால் நெகட்டிவ். மேலிருந்து பார்க்கும்போது இரண்டு சக்கரங்களின் முன்விளிம்புகளும் ஒன்றையொன்று நெருங்கியிருந்தால் டோ-இன், விலகியிருந்தால் டோ-அவுட். ஸ்டியரிங் திருப்பும்போது முன்சக்கரம் எந்த அச்சைச் சுற்றித் திரும்புகிறதோ, அந்த அச்சு பக்கவாட்டில் பார்க்கையில் பின்னோக்கிச் சாய்ந்திருக்கும் அளவு காஸ்டர். திருப்பிய ஸ்டியரிங் கையை விட்டதும் தானே நேராகத் திரும்பிவருவது பெரும்பாலும் இந்தச் சாய்வினால்தான். ஹெரால்டின் முன்பக்கம் மேலும் கீழுமாக இரண்டு கைகள் சக்கரத்தைப் பிடித்திருக்கும் நல்ல அமைப்பு. மேல்கையும் கீழ்கையும் சேர்ந்து வழிநடத்துவதால் சக்கரம் ஏறி இறங்கினாலும் கேம்பர் மெதுவாகவே மாறும். அந்த முன்பக்கத்தின் நேர்த்திக்குச் சான்று வேண்டுமானால் லோட்டஸ் எலானைப் பார்க்கலாம். சாலைப்பிடிப்புக்குப் பேர்போன அந்தக் காரின் முன்சக்கரத் தாங்கி டிரையம்ஃப் குடும்பத்திலிருந்து வந்ததுதான். சிக்கல் முழுவதும் பின்பக்கத்தில் இருக்கிறது.

ஹெரால்டின் பின்பக்கத்தில் டிஃபரன்ஷியல் பெட்டி அடிச்சட்டத்தோடு அசையாமல் பொருத்தப்பட்டிருக்கிறது. அதன் இருபுறமும் ஒவ்வோர் இணைப்பு. ஒவ்வோர் இணைப்பிலிருந்தும் ஓர் அரை ஆக்சில். ஆக்சிலின் வெளிமுனையில் சக்கரம். குறுக்குவாட்டில் ஒரே ஒரு கமான் கட்டு, டிஃபரன்ஷியலின் மேல் கவ்வப்பட்டு இரண்டு சக்கரங்களுக்கும் நீண்டிருக்கும். அதாவது ஒவ்வொரு பின்சக்கரமும் வண்டியின் நடுவிலுள்ள ஒரு கீலில் ஊசலாடும் கதவைப்போல இயங்குகிறது. கீலிலிருந்து சக்கரம்வரை சுமார் அரை மீட்டர் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டால், சக்கரம் 10 மில்லிமீட்டர் ஏறியோ இறங்கியோ போகும்போது கேம்பர் 1.15 பாகை மாறும். 25 மில்லிமீட்டருக்கு ஏறத்தாழ 3 பாகை. டயர் தரையைத் தொடும் இடமும் கூடவே நகரும்: சக்கரத்தின் ஆரம் 280 மில்லிமீட்டர் என்றால், வண்டியின் பின்பக்கம் 25 மில்லிமீட்டர் உயரும்போது ஒவ்வொரு டயரும் 14 மில்லிமீட்டர் உள்ளே இழுத்துக்கொள்ளும். இந்த மாற்றத்துக்கு வேகமோ வளைவோ தேவையில்லை. பின்சீட்டில் ஆள் ஏறி இறங்கினாலே போதும். வண்டலூரில் பிற்காலத்தில் நான்கு கதவு ஹெரால்டும் செய்தார்கள். உலகில் வேறெங்கும் அந்த வடிவம் தயாராகவில்லை. குடும்பத்தோடு போவதற்கென்றே செய்த வண்டி என்பதால், ஓட்டுநர் மட்டும் இருக்கும்போதும் ஐந்து பேர் பெட்டி படுக்கையோடு ஏறும்போதும் பின்பக்க உயரம் வெகுவாக வேறுபடும். 50 மில்லிமீட்டர் இறங்கினால் கேம்பர் கிட்டத்தட்ட 6 பாகை மாறிவிடுகிறது. இத்தகைய வண்டிக்கு 'பின் கேம்பர் இவ்வளவு' என்று ஒற்றை எண் சொல்வது அளவே ஆகாது.

இதோடு நம் ஊர்ப் பழக்கமொன்றும் சேர்ந்துகொள்கிறது. பின்பக்கம் தாழ்ந்து தரையில் இடிக்கிறது என்றால் கமான் கட்டில் ஒரு பட்டையைக் கூட்டுவது, அல்லது பட்டைகளைக் காய்ச்சி வளைவேற்றுவது நமக்குத் தெரிந்த வைத்தியம். லாரிக்கும் அம்பாசிடருக்கும் அது சரி. அவற்றின் பின் ஆக்சில் ஒரே இரும்புத் துண்டு. வண்டி உயர்ந்தாலும் சக்கரம் தரைக்குச் செங்குத்தாகவே நிற்கும். ஊசலாடும் ஆக்சிலில் அதே வைத்தியம் பார்த்தால், ஆள் இல்லாத வண்டியின் பின்சக்கரங்கள் தலைவிரித்து நிற்கும். பாரம் ஏற்றிய நிலையில் நேராக நிற்பதால் வேலை சரியாகிவிட்டது என்று தோன்றும். பாரம் இறங்கியதும் வண்டி தன் மிக மோசமான நிலைக்குப் போய்விடும். அது ஏன் மோசம் என்பதற்கு ஒரு சின்ன விசைக் கணக்குப் போட வேண்டும்.

வளைவில் போகும்போது வெளிப்பக்கச் சக்கரத்தைத் தரை உள்நோக்கித் தள்ளுகிறது. அந்தத் தள்ளல் டயரின் அடியில், கீலுக்கு 280 மில்லிமீட்டர் கீழே, விழுகிறது. கீல் பக்கவாட்டில் அரை மீட்டர் தள்ளி இருக்கிறது. ஆகவே தள்ளலில் 0.56 பங்கு உடலை மேலே தூக்கும் விசையாக மாறுகிறது. உள்பக்கச் சக்கரம் இதற்கு நேரெதிராக உடலைக் கீழே இழுக்கும். ஆனால் வளைவில் பாரம் வெளிப்பக்கம் சாய்ந்துவிடுவதால் உள்சக்கரத்தின் பங்கு சிறியது. வெளிச்சக்கரத்தில் 2,000 நியூட்டன், உள்சக்கரத்தில் 600 நியூட்டன் என்று வைத்தால் எஞ்சும் தூக்கு விசை 784 நியூட்டன், அதாவது 80 கிலோ எடை. வளைவின் நடுவில் பின்சீட்டிலிருந்து ஓர் ஆள் திடீரென இறங்கிப்போனதற்கு இது சமம். உடல் உயர்ந்தால் சக்கரம் உள்ளே மடங்குகிறது. மடங்கினால் இரண்டு டயர்களுக்கும் இடைவெளி குறைகிறது, கீல் இன்னும் உயரே போகிறது, தூக்கு விசையின் பங்கு கூடுகிறது. தன்னைத் தானே வளர்த்துக்கொள்ளும் சுழல் இது. அந்த நேரத்தில் ஓட்டுநர் பயந்து ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் பாரம் முன்னே சரியும், பின்பக்கம் மேலும் எழும்பும், சுழல் முடுக்கம் பெறும். 1954-இல் வந்த மெர்சிடிஸ் 300 எஸ்.எல். காரிலும் இதே குறைதான். 1957-இல் அதன் திறந்த வடிவத்தை வெளியிட்டபோது கீலைத் தாழ்வான இடத்துக்கு மாற்றினார்கள். கீல் தாழ்ந்தால் 280 என்ற எண் சுருங்கும், தூக்கு விசையும் சுருங்கும்.

ஊசலாடும் ஆக்சிலின் ஆபத்தை மிகைப்படுத்திவிட்டார்கள் என்று ஒரு தரப்பு வாதிடுவதுண்டு. அதற்கு ஆதாரமும் இருக்கிறது. அமெரிக்காவின் செவ்ரலே கார்வேர் 1960 முதல் 1964 வரையிலான மாடல்களில் இதே வகை பின் ஆக்சிலைக் கொண்டிருந்தது. ரால்ஃப் நாடெர் 1965-இல் எழுதிய புகழ்பெற்ற நூல் அந்தக் காரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றியது. ஆனால் 1972-இல் அமெரிக்க அரசின் சாலைப் பாதுகாப்பு அமைப்பு தன் சோதனைகளை முடித்தபோது, 1960 முதல் 1963 வரையிலான கார்வேர் சமகாலக் கார்களைவிட அதிகமாகக் கட்டுப்பாட்டை இழக்கக்கூடியதல்ல என்றே சொன்னது. இதை நான் மறுக்கவில்லை. என் வாதத்துக்கு இது துணைதான் வருகிறது. கார்வேரின் முன் டயருக்கு 15, பின் டயருக்கு 26 பவுண்டு காற்று என்று கம்பெனி சொல்லியிருந்தது. அவ்வளவு பெரிய வேறுபாட்டைக் கம்பெனி கேட்டதே, காரின் நடத்தை அந்த வேறுபாட்டை நம்பியிருந்ததால்தான். வழக்கம்போல நான்கு டயருக்கும் ஒரே அழுத்தம் வைத்த உரிமையாளரிடம் இருந்தது வேறு ஒரு கார். சொன்ன நிலையில் வைத்தால் ஒழுங்காக ஓடும், நிலை மாறினால் குணம் மாறும் என்பதே இவ்வகை வண்டியின் இயல்பு. அப்படியானால் அந்த நிலை எது என்று அளந்து வைத்துக்கொள்வதுதான் முழுப் பாதுகாப்பும்.

இதை டிரையம்ஃப் நிறுவனமே உணர்ந்திருந்தது. 1968-இல் ஜி.டி.6 என்ற பெரிய உடன்பிறப்புக்குப் பின்பக்கத்தில் கீழ்கை ஒன்றைச் சேர்த்து, ஊசலாடும் ஆக்சிலையே கைவிட்டார்கள். விலை குறைந்த ஸ்பிட்ஃபயருக்கு அவ்வளவு செலவு தாங்காது. 1970-இல் வந்த நான்காம் மாடலில் மிகச் சிக்கனமான, என் கண்ணுக்கு மிக அழகான, தீர்வொன்றைச் செய்தார்கள். கமான் கட்டில் உள்ள பட்டைகளில் ஒன்றை மட்டும் டிஃபரன்ஷியலோடு இறுகக் கவ்வி, மற்றவை ஒரு பெட்டிக்குள் ஊசலாடும்படி விட்டுவிட்டார்கள். வண்டி நேராக அமிழும்போது எல்லாப் பட்டைகளும் சேர்ந்து தாங்கும். வளைவில் ஒருபக்கம் சாயும்போது பெரும்பாலான பட்டைகள் சும்மா சாய்ந்துகொடுக்கும். சாய்வைத் தடுக்கும் வேலையை முன்பக்கத்திலுள்ள தடித்த குறுக்குக் கம்பி ஏற்றுக்கொள்ளும். பின் வெளிச்சக்கரத்தில் விழும் சுமை குறைகிறது, அதனால் தூக்கு விசையும் குறைகிறது. வண்டலூர் வேறு வழியில் போனது. 1972-இல் ஹெரால்டின் வாரிசாக வந்த 'கெஸல்' காரில் ஊசலாடும் ஆக்சிலை நீக்கிவிட்டு, அம்பாசிடர் பாணியில் முழு ஆக்சில் வைத்தார்கள். இங்கிலாந்து காருக்கு இங்கே செய்யப்பட்ட மாற்றங்களில் இதைப் போல அடிப்படையானது அரிது. ஒரே அடிச்சட்டத்திலிருந்து இரண்டு ஊர்ப் பொறியாளர்கள் இரண்டு திசையில் விலகிப்போனார்கள் என்பதிலிருந்தே, 1959-இன் எண்கள் வேதவாக்கு அல்ல என்பது தெரிகிறது.

இனி அளவுக்கு வருவோம். அளவெடுக்கும் வேலை தரையில் தொடங்குகிறது. நான்கு சக்கரமும் நிற்கும் நான்கு இடங்களும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். இடவலம் 1,220 மில்லிமீட்டர் அகலத்தில் 5 மில்லிமீட்டர் மேடு பள்ளம் இருந்தாலே கேம்பரில் கால் பாகை பிழை வந்துவிடும். இதைச் சரிபார்க்கக் கொத்தனார் வைத்திருக்கும் தண்ணீர் டியூப் போதும். நீளமான தூரத்துக்கு ரசமட்டத்தைவிட அது நம்பகமானது. தாழ்வான இடத்தில் தகடுகளைப் போட்டு மட்டம் செய்து, டயர் நின்ற இடங்களைச் சுற்றிப் பெயிண்டால் கோடு போட்டுவிட்டால் அடுத்த முறை வேலை மிச்சம். டயருக்கு அடியில் வழுவழுப்பான கிரானைட் பலகைகள் இரண்டை, நடுவில் கிரீஸ் தடவி, ஒன்றன்மேல் ஒன்றாக வைப்பது இன்றியமையாதது. மாமல்லபுரத்தைச் சுற்றிக் கல் அறுத்து மெருகேற்றும் பட்டறைகளுக்குக் குறைவில்லை; கிரானைட் வெப்பத்தில் அதிகம் விரியாது, வளையாது என்பதால்தான் அளவியல் கூடங்களில் மட்டமேடையாக அதையே வைக்கிறார்கள். இந்தப் பலகைகள் ஏன் தேவை? ஜாக்கியில் ஏற்றி இறக்கிய ஹெரால்டைப் பார்த்தால் விளங்கும். பின்சக்கரங்கள் உள்ளே மடங்கியபடியே, வண்டி குதிகால் உயர்ந்து நிற்கும். டயரின் பிடி தரையை விட மறுப்பதால் சக்கரம் தன் இடத்துக்கு விரிய முடியவில்லை. வண்டியைச் சில அடி முன்னும் பின்னும் உருட்டினால்தான் பின்பக்கம் மெல்ல அமரும். அந்த உருட்டலுக்கு முன் எடுத்த எந்த அளவும் செல்லாது. கிரீஸ் தடவிய கல் இந்தப் பிடியை ஒழித்துவிடுகிறது.

அடுத்தது அடிச்சட்டம். கடலோரத்தில் ஓடிய வண்டி என்றால் இதைத் தாண்டிப் போகவே கூடாது. பின்சக்கரம் முன்னும் பின்னும் அசையாமல் இழுத்துப் பிடிக்கும் நீளக்கம்பி ஹெரால்டில் அடிச்சட்டத்தின் பக்கக் கிளையில் போய் மாட்டுகிறது. பின்சக்கரத்தின் டோ அளவை அந்த இடத்தில் தகடுகள் செருகித்தான் மாற்றுவார்கள். உப்புக் காற்றில் அந்தக் கிளை உள்ளிருந்து துருப்பிடித்து மெலிந்திருந்தால், தகடு வைத்துச் சரிசெய்த அளவு முதல் பள்ளத்திலேயே போய்விடும். சட்டம் நேராக இருக்கிறதா என்று பார்க்க, அதன் முக்கிய துளைகளிலிருந்து தூக்குக்குண்டு விட்டுத் தரையில் புள்ளி வைக்க வேண்டும். எல்லாப் புள்ளிகளும் வைத்த பிறகு வண்டியைத் தள்ளி அப்புறப்படுத்தினால், தரையில் சட்டத்தின் நிழல்படம் கிடைக்கும். மூலைவிட்டங்களை அளந்து ஒப்பிட்டால், எப்போதோ பட்ட அடியில் சட்டம் கோணியிருக்கிறதா என்பது சில நிமிடங்களில் தெரிந்துவிடும். ரப்பர் புஷ்களையும் இப்போதே பார்த்துவிட வேண்டும். நம் வெயிலில் ரப்பர் வெடித்து உதிர்ந்த புஷ்ஷோடு எடுக்கும் அளவு, நிற்கும்போது ஒன்று, பிரேக் போடும்போது வேறொன்று. முன்பக்கத்தில் கீழேயுள்ள திருகு மூட்டுக்குக் கிரீஸ் அடிக்காமல் கெட்டியான கியர் ஆயில் விட வேண்டும் என்பதையும் சொல்லாமல் போக மனம் வரவில்லை. ஆயில் வறண்டு, தண்ணீர் புகுந்து துருவேறினால் அந்தத் தாங்கி ஒடிந்துபோகும், சக்கரம் கீழே மடங்கும்.

கேம்பர் அளக்கச் சக்கரத்துக்கு முன்னால் நூலில் தூக்குக்குண்டு தொங்கவிட்டு, ரிம்மின் மேல்விளிம்புக்கும் கீழ்விளிம்புக்கும் நூலிலிருந்து உள்ள தூரத்தை எடுத்துக் கழித்தால் போதும். 13 அங்குல ரிம்மில், அதாவது 330 மில்லிமீட்டரில், 5.8 மில்லிமீட்டர் வேறுபாடு ஒரு பாகை. ரிம் 1 மில்லிமீட்டர் நெளிந்திருந்தால் 0.17 பாகை பொய் சொல்லும் என்பதால், சக்கரத்தை அரைச் சுற்று சுழற்றி மீண்டும் அளந்து சராசரி எடுக்க வேண்டும். டோ அளவுக்கு வண்டியின் இருபுறமும் சம தூரத்தில், ஒன்றுக்கொன்று இணையாக இரண்டு நூல்கள். முன்னும் பின்னும் நூல்களின் இடைவெளி ஒன்றாக இருக்கிறதா என்பதை மட்டும் பார்க்க வேண்டும். சக்கர மையத்திலிருந்து நூல்வரை சமமாக வைத்துவிட்டால் போதும் என்று நினைப்பவர்கள், முன்சக்கரங்களுக்கு இடையிலான அகலமும் பின்சக்கரங்களுக்கு இடையிலான அகலமும் வேறு வேறாக இருக்கலாம் என்பதை மறந்துவிடுகிறார்கள். காஸ்டரை நேரடியாக அளக்க முடியாது. முன்சக்கரத்தை 20 பாகை உள்ளே திருப்பி ஒரு கேம்பர், 20 பாகை வெளியே திருப்பி ஒரு கேம்பர் எடுத்து, வேறுபாட்டை 1.46 ஆல் பெருக்கினால் காஸ்டர் கிடைக்கும்.

இதுவரை எடுத்ததெல்லாம் ஒரு புள்ளி. அதைக் கோடாக்குவதற்குச் சிமெண்ட் மூட்டை நல்ல துணை. ஒரு மூட்டை 50 கிலோ, எங்கே வாங்கினாலும் அதேதான். காலி வண்டியில் ஓர் அளவு, ஓட்டுநர் இடத்தில் ஒரு மூட்டை வைத்து ஓர் அளவு, பக்கத்து இருக்கையில் ஒன்று, பின்னால் ஒன்று, இரண்டு என்று கூட்டிக்கொண்டே போய், ஒவ்வொரு முறையும் சக்கர மையத்துக்கும் மட்கார்டின் விளிம்புக்கும் உள்ள உயரத்தையும் கேம்பரையும் டோவையும் குறித்துக்கொள்ள வேண்டும். காலி உயரத்துக்கும் மேலே என்ன ஆகிறது என்பதை அறிய, பின்பக்க உடலை ஜாக்கியால் 10 மில்லிமீட்டர் 10 மில்லிமீட்டராகத் தூக்கி அதே அளவுகளை எடுக்கலாம். வளைவில் விழும் ஆபத்து இந்தப் பகுதியில்தான் ஒளிந்திருக்கிறது. முன்பக்கத்துக்கு இன்னும் கொஞ்சம் மெனக்கெட வேண்டும். சுருள் ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு, சக்கரம் மாட்டும் இடத்தில் தட்டையான பலகை ஒன்றைப் பொருத்தி, அதை ஜாக்கியால் படிப்படியாக ஏற்றும்போது டோ மாறுகிறதா என்று பார்க்க வேண்டும். ஸ்டியரிங் கம்பியின் நீளமும் சாய்வும் இரண்டு கைகளின் வட்டப்பாதையோடு ஒத்துப்போகாவிட்டால், ஒவ்வொரு வேகத்தடையிலும் சக்கரம் தானாகவே கொஞ்சம் திரும்பும். செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் போகும் சாலையில் ஸ்டியரிங் கையில் ஆடிக்கொண்டே வருகிறது என்று சொல்லப்படும் பழைய கார்களில், டோ அளவைத் திரும்பத் திரும்ப மாற்றிப் பயனில்லாமல் போவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். நிற்கையில் டோ சரியாகத்தான் இருக்கும், ஓடுகையில்தான் கெடும்.

கணினி அலைன்மெண்ட் கடைகள் தெருவுக்குத் தெரு இருக்கும்போது நூலும் குண்டும் எதற்கு என்ற கேள்வி நியாயமானது. அந்தக் கருவிகளின் நுட்பத்தில் எனக்குச் சந்தேகமில்லை. ரிம் நெளிவைக்கூடக் கணக்கிட்டுக் கழித்துவிடும். ஆனால் அது தன்னிடம் நிற்கும் வண்டியை, நிற்கும் உயரத்திலேயே அளக்கிறது. பின்பட்டையில் வளைவேற்றியிருப்பதோ, டிக்கியில் ஸ்டெப்னி இல்லை என்பதோ, பெட்ரோல் டாங்க் காலி என்பதோ அதற்குத் தெரியாது. பச்சை நிறம் காட்டினால் வேலை முடிந்தது. புதிய கார்களுக்கு இது போதும், ஏனென்றால் அவற்றின் வரைகோட்டைத் தொழிற்சாலை ஏற்கெனவே வரைந்து, எந்த உயரத்திலும் பெரிதாகக் கெடாதபடி அமைத்துவிட்டது. கார் நிறுவனங்களின் ஆய்வுக்கூடங்களில் காரை மேடையில் கட்டிவைத்து, ஒவ்வொரு சக்கரத்தையும் ஏற்றி இறக்கி, தள்ளி இழுத்து, கோணங்கள் மாறும் விதத்தைப் பதிவுசெய்யும் பெரிய எந்திரங்கள் இருக்கின்றன. சிமெண்ட் மூட்டையும் கிரானைட் பலகையும் செய்வது அதே வேலையைத்தான், மெதுவாக. வரைகோடு கையில் வந்த பிறகு, இந்த உயரத்தில், இந்தப் பாரத்தோடு என்று சொல்லி வண்டியைக் கணினிக் கடைக்குக் கொண்டுபோனால் அந்த எந்திரத்தின் நுட்பத்துக்கும் அப்போதுதான் பயன்.

இன்னொரு மறுப்பு: 948 சி.சி. என்ஜின் கொண்ட வண்டி, மணிக்கு நூற்றுப் பதினைந்து கிலோமீட்டரைத் தொடுவதே பெரும்பாடு, இதற்கு இவ்வளவு ஆராய்ச்சியா? தூக்கு விசைக்கு என்ஜின் சக்தியோடு தொடர்பில்லை. கிழக்குக் கடற்கரைச் சாலையில் 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது குறுக்கே வந்த மாட்டுக்காகச் சட்டென ஒடித்துத் திருப்பினால் போதும். முக்கியமாக, இன்றைய டயர்கள் 1959-இன் டயர்கள் அல்ல. அன்று நூலிழைகள் குறுக்குமறுக்காக ஓடிய டயர். பக்கவாட்டுப் பிடி குறைவு, பிடி விடும்போதும் படிப்படியாக விடும். இன்று போடுவது ரேடியல். அதே சக்கரத்தில் கூடுதல் பக்கவிசையைத் தரும். மேலே போட்ட கணக்கில் 2,000 நியூட்டன் என்ற இடத்தில் கூடுதலான எண்ணைப் போட்டுப் பாருங்கள், தூக்கு விசையும் கூடும். டயர் முதலில் வழுக்கி ஓட்டுநரை எச்சரித்த அந்தக் காலம் போய், டயர் பிடித்துக்கொண்டிருக்க வண்டியின் பின்பக்கம் எழும்பும் நிலை வருகிறது. நல்ல டயர் போட்டதாலேயே பழைய வடிவியலின் குறை பெரிதாகிறது என்பதால், ரேடியல் மாட்டிய ஹெரால்டுக்கும் ஸ்பிட்ஃபயருக்கும் பழைய கையேட்டின் பின்பக்க உயரம் பொருந்தாது.

மூலவடிவத்தை மாற்றக் கூடாது என்கிற சேகரிப்பாளர்களுக்கும், கெஸல் செய்ததுபோல முழு ஆக்சிலை மாட்டிவிட்டால் தொல்லை தீர்ந்தது என்கிறவர்களுக்கும் சேர்த்தே பதில் சொல்லலாம். முழு ஆக்சில் பத்திரமானதுதான். ஆனால் அதற்கு டிஃபரன்ஷியல், ஸ்பிரிங், சட்டத்தின் பின்பகுதி எல்லாவற்றையும் மாற்ற வேண்டும். ஸ்பிட்ஃபயரை அப்படி மாற்றியபின் எஞ்சுவது வேறொரு வண்டி. மறுபக்கம், தொழிற்சாலை விட்ட நிலையை அப்படியே காப்பாற்றுவேன் என்பவர், அறுபது ஆண்டுகளில் பட்டை எவ்வளவு தளர்ந்தது, யார் எந்தப் பட்டையைக் கூட்டினார்கள் என்பது தெரியாமல் எதைக் காப்பாற்றுகிறார்? நான் சாய்வது இடைவழிக்கு: சட்டத்தில் ஒரு துளைகூடப் புதிதாகப் போடாமல், திரும்பக் கழற்றக்கூடிய மாற்றங்கள் மட்டும். ஸ்பிரிங்குக்கும் டிஃபரன்ஷியலுக்கும் இடையில் ஒரு கட்டை வைத்துப் பின்பக்கத்தைத் தாழ்த்தலாம். ஓட்டுநரும் பக்கத்தில் ஒருவரும் இருக்கையில் பின்கேம்பர் 2 முதல் 3 பாகை நெகட்டிவ் ஆக இருந்தால், 25 மில்லிமீட்டர் எழும்பிய பிறகும் சக்கரம் ஏறத்தாழ நேராக நிற்கும். தாழ்த்தாத வண்டியில் அதே எழும்பலில் அது வெளியே சாய்ந்திருக்கும். டயரின் உள்விளிம்பு கொஞ்சம் சீக்கிரம் தேயும். அந்த விலையைக் கொடுக்கலாம். சக்கரம் ஓர் அளவுக்குமேல் கீழே தொங்காதபடி வார் ஒன்றைக் கட்டுவதும், முன்பக்கக் குறுக்குக் கம்பியைத் தடிப்பாக மாற்றுவதும் ஸ்பிட்ஃபயர் பொறியாளர்கள் 1970-இல் போன திசையிலேயே இருக்கின்றன. ஆனால் எவ்வளவு தாழ்த்துவது என்பதை வரைகோட்டைப் பார்த்துத்தான் முடிவுசெய்ய வேண்டும். நம் வேகத்தடைகளின் உயரம் ஒரு வரம்பு. ஐந்து பேர் ஏறும் நான்கு கதவு ஹெரால்டில் நெகட்டிவ் கேம்பர் எங்கே போய் நிற்கும் என்பது இன்னொரு வரம்பு.

வேலையின் வரிசை மாறக் கூடாது: உயரம், பிறகு பின்பக்கத்தின் கேம்பர், டோ, பிறகு முன்பக்கத்தில் கீழ்கையின் பிடிகளுக்குப் பின்னால் தகடு செருகிக் கேம்பரும் காஸ்டரும், எல்லாவற்றுக்கும் கடைசியாக முன் டோ. ஒவ்வொன்றும் தனக்குப் பின்னால் வருவதை மாற்றிவிடும் என்பதால் தலைகீழாகச் செய்தால் முடிவே வராது. புஷ் போல்ட்டுகளை வண்டி தன் சொந்தப் பாரத்தில் நிற்கும்போதுதான் இறுக்க வேண்டும். தொங்கும் நிலையில் இறுக்கினால் ரப்பர் முறுக்கிக்கொண்டு வண்டியை உயர்த்திப் பிடிக்கும், அளந்த உயரமெல்லாம் வீண். பிறகு சாலையில் ஓட்டிப் பார்க்கும்போது வண்டி இடப்பக்கம் இழுப்பதாகத் தோன்றினால் உடனே ஸ்பேனரை எடுக்க வேண்டாம். மழைநீர் வடிவதற்காகச் சாலையே ஓரத்தை நோக்கிச் சரித்துப் போடப்படுகிறது. 2 சதவீதச் சரிவு 1.15 பாகைக்குச் சமம், இடப்பக்கம் ஓட்டும் நாட்டில் எல்லா வண்டியும் கொஞ்சம் இடப்பக்கம் நகரவே பார்க்கும். முன் டயர்களை இடம் மாற்றிப் போட்டும் இழுப்பு அதே பக்கம் இருந்தால், முதலில் எடுத்த தாளை வைத்துக்கொண்டு உயரத்தை மீண்டும் அளக்கலாம். புது ரப்பரும் பட்டையும் சில நூறு கிலோமீட்டர் ஓடியபிறகுதான் அமரும். அப்போது பின்பக்கம் 5 மில்லிமீட்டர் இறங்கியிருந்தால் கேம்பரில் அரைப் பாகைக்கு மேல் மாறியிருக்கும். அது வரைகோட்டில் முன்பே இருக்கும் இடம்தான். அளவு அந்தக் கோட்டின்மேல் விழாமல் வேறெங்காவது விழுந்தால்தான் எங்கோ ஒரு போல்ட்டோ புஷ்ஷோ தளர்ந்திருக்கிறது என்று தேடத் தொடங்க வேண்டும்.